செப்பலினின் அந்த லைவ் ஆல்பத்தை மறுபடி கேளுங்கள்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், எதிரில் இருக்கும் ராக் ரசிகர்களுக்கும் வணக்கம்.

தாமதமாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ராக் பேண்டான லெட் செப்பலின் 1976-இல் வெளியிட்ட 'தி சாங் ரிமெய்ன்ஸ் த சேம்' என்ற இரட்டை லைவ் ஆல்பத்தை, அதாவது மேடைக் கச்சேரிப் பதிவை, மறுபடி எடுத்துக் கேட்க வேண்டுமா, அல்லது அதை ஓரங்கட்டியதே சரியா? கேட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் இப்போதுதான் நான்கு குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். பாட்டெல்லாம் இழுவை, பாடகரின் குரல் களைத்துப்போயிருக்கிறது, மூன்று ராத்திரிகளை வெட்டி ஒட்டிய பதிவு, அப்புறம் இதைவிட நல்ல லைவ் ஆல்பம் அதே பேண்டுக்கு இருக்கும்போது இது எதற்கு என்பது நான்காவது. அந்த நான்காவதுக்குத்தான் கைதட்டல் அதிகம், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் சொன்ன ஆல்பம் 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்'. 2003-இல் வெளிவந்தது, 1972 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் ஃபோரத்திலும் லாங் பீச்சிலும் நடந்த இரண்டு கச்சேரிகளின் பதிவு. அருமையான ஆல்பம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, அதன் பாட்டுப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். 'நோ குவார்ட்டர்' இருக்கிறதா? இல்லை. 'தி ரெய்ன் சாங்' இருக்கிறதா? இல்லை. 'தி சாங் ரிமெய்ன்ஸ் த சேம்' பாட்டாவது இருக்கிறதா? அதுவும் இல்லை. இந்த மூன்றும் 1973 மார்ச்சில் வந்த 'ஹவுசஸ் ஆஃப் த ஹோலி'யின் பாட்டுகள். செப்பலின் வெறும் ப்ளூஸ் ராக் பேண்ட் மட்டும் இல்லை என்று நிரூபித்த பாட்டுகள். 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த மறுசந்திப்புக் கச்சேரியில் இவற்றில் இரண்டை வாசித்தார்கள், அது 2012-இல் ஆல்பமாகவும் வந்தது, ஆனால் அங்கே டிரம்ஸில் இருந்தவர் செப்பலினின் டிரம்மர் ஜான் போன்ஹாமின் மகன் ஜேசன். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அப்பா போன்ஹாம் 1980 செப்டம்பரில் இறந்துவிட்டார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே பேண்டும் கலைந்துவிட்டது, அவர் உயிரோடு இருந்தபோது இந்த பேண்ட் முறையாக வெளியிட்ட லைவ் ஆல்பம் இது ஒன்றே ஒன்றுதான். அதைத் தூக்கி எறியச் சொல்கிறவர்கள் அந்த மூன்று பாட்டுக்கும் பதிலாக எதைக் கையில் தருவார்கள் என்று எதிரணியிலிருந்து அடுத்து வருபவர் சொல்லட்டும்.

சரி, குரலுக்கு வருவோம். 1973-இல் ராபர்ட் பிளாண்ட்டின் குரல் 1970-இல் இருந்த குரல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முதல் பாட்டான 'ராக் அண்ட் ரோல்' தொடங்கியதுமே தெரிந்துவிடும், ஸ்டூடியோவில் உச்சத்தில் பிடித்த சுரங்களை இங்கே கீழே இறக்கிப் பாடுகிறார். அமெரிக்கச் சுற்றுப்பயணம் மே 4-ஆம் தேதி அட்லாண்டாவில் தொடங்கியது, மறுநாளே டாம்பா ஸ்டேடியத்தில் ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம், பீட்டில்ஸின் ஷியா ஸ்டேடியம் சாதனையை முறியடித்த கூட்டம் அது. இந்த ஆல்பம் பதிவானது அந்தப் பயணத்தின் கடைசி மூன்று ராத்திரிகளில், ஜூலை 27, 28, 29, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். தொண்டை களைக்காமல் என்ன செய்யும்? ஆனால் எதிரணி அதோடு நிறுத்திக்கொண்டது, நான் அடுத்த பாட்டுகளுக்குப் போகச் சொல்கிறேன். 'தி ரெய்ன் சாங்'கில் அதே குரல் என்ன செய்கிறது என்று கேளுங்கள். கத்த வேண்டிய அவசியமே இல்லாத பாட்டு, அந்த லேசான கரகரப்பு அதற்கு அப்படியே பொருந்திவிடுகிறது, ஸ்டூடியோ பதிவில் கொஞ்சம் தள்ளி நின்று பாடியவர் இங்கே பக்கத்தில் வந்து பாடுவது போல எனக்குத் தோன்றும். பாட்டு கிட்டத்தட்டப் பாதியை நெருங்கும் வரை போன்ஹாம் காத்திருக்கிறார், அப்புறம் மெதுவாக நுழைகிறார், கடைசியில் வெடிக்கிறார். பின்னால் வயலின் கூட்டம் மாதிரி கேட்பது ஜான் பால் ஜோன்ஸ் வாசிக்கும் மெல்லோட்ரான். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் அதற்கென்று உள்ளே இருக்கிற ஒரு துண்டு டேப் ஓடும், அப்படிப்பட்ட கருவி, எப்போது சுருதி விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மேடையில் ஏற்றி, இப்படி ஒரு மென்மையான பாட்டை வாசிக்கத் துணிச்சல் வேண்டும்.

இதற்கு முன்னால் வருவது ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு. ஸ்டூடியோவில் ஜிம்மி பேஜ் அதில் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிவு செய்திருப்பார். மேடையில் அவர் ஒரே ஆள். கையில் இரட்டைக் கழுத்து கிப்சன் கிட்டார், மேல் கழுத்தில் பன்னிரண்டு தந்தி, கீழ்க் கழுத்தில் ஆறு. அப்படியானால் அத்தனை அடுக்குகளின் இடத்தை யார் நிரப்புகிறார்கள்? ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒரு தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள், ஜோன்ஸ் ஒரு இடத்திலும் சும்மா தாளத்துக்கு ஒத்து ஊதவில்லை, பேஜ் ஒரு வரியை விட்ட இடத்தில் இவர் ஒரு வரியை எடுக்கிறார், போன்ஹாம் இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கிறார். அப்புறம் கை ஆறு தந்திக் கழுத்துக்கு இறங்குகிறது, 'ரெய்ன் சாங்' தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். இந்தப் பதினான்கு நிமிடத்துக்காகவே இந்த ஆல்பத்துக்கு மறுவாய்ப்பு தரலாம் என்பது என் உறுதியான கருத்து.

இழுவை என்றார்கள். 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' ஏறத்தாழ 27 நிமிடம், இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் அது ஒன்றுதான். முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடப் பாட்டு. எங்கே போயிற்று மீதி இருபது நிமிடம் என்று எதிரணி கேட்டது. நேர்மையான கேள்வி. நடுவில் பிளாண்ட் சான் பிரான்சிஸ்கோவைப் பற்றிய பழைய பாட்டின் வரிகளைப் பாடுகிறார், கிட்டார் சட்டென்று சாந்தமாகிறது, பிறகு பேஜ் வயலின் வில்லை எடுத்துத் தந்திகளில் இழுக்கிறார், வில்லால் தந்தியை ஓங்கி அடிக்கிறார், அடித்த சத்தம் எக்கோ கருவி வழியாகத் திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்த அடியை அந்த எதிரொலிக்கு நடுவே சரியாக வைக்கிறார். அதன் பிறகு மூன்று கருவிகளும் ஒரே பாய்ச்சலாக ஓடுகின்றன, எங்கே திரும்புவது என்று ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொண்டே ஓடுகிறார்கள். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தால் இது இழுவையாகத்தான் தெரியும், உட்கார்ந்து கேட்க வேண்டிய சங்கதி இது. 'மோபி டிக்'குக்காக நான் வாதாட வரவில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேலே டிரம்ஸ் தனி ஆவர்த்தனம், பிடிக்காதவர்கள் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டி ஒட்டியது என்கிற குற்றச்சாட்டுதான் இருப்பதிலேயே கனமானது, அதை நான் மழுப்பப் போவதில்லை. டீப் பர்ப்பிள் பேண்டின் 'மேட் இன் ஜப்பான்' லைவ் ஆல்பம்கூட ஒசாகாவிலும் டோக்கியோவிலுமாக மூன்று கச்சேரிகளிலிருந்து எடுத்ததுதான் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு பாட்டும் ஒரே ராத்திரியில் முழுசாக வாசித்தது, இங்கே ஒரு பாட்டுக்குள்ளேயே வெவ்வேறு ராத்திரிகளின் ஒட்டு இருக்கிறது. ஏன் இப்படி ஆயிற்று? இது ஒரு திரைப்படத்தின் ஒலித்தடமாக வந்த ஆல்பம், உறைப் படமே ஒரு பழைய தியேட்டர்தான். ஜோ மாசோ எடுத்த கச்சேரிக் காட்சிகளில் ஏகப்பட்ட இடைவெளிகள் இருந்தன, பின்னால் பீட்டர் கிளிஃப்டன் பொறுப்பேற்றார், 1974-இல் இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் மேடை மாதிரி அமைத்து விட்டுப்போனதை மறுபடி எடுத்தார்கள், இடையில் முடியை வெட்டிக்கொண்டிருந்த ஜோன்ஸ் விக் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நடுநடுவே பிளாண்ட் கத்தியோடு வீரனாக வருவதும் பேஜ் ராத்திரியில் மலையேறுவதுமாகக் கற்பனைக் காட்சிகள் வேறு. 1975 ஆகஸ்டில் கிரீஸின் ரோட்ஸ் தீவில் நடந்த கார் விபத்தில் பிளாண்ட் படுகாயமடைந்து மேடையேற முடியாமல் இருந்த காலம், அந்த இடைவெளியில்தான் படமும் ஆல்பமும் வெளியே வந்தன. படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பேண்டில் இருந்தவர்களே இதைத் தங்கள் சிறந்த ராத்திரிகளாகக் கொண்டாடவில்லை. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம் என்று விற்பனை ஆனபோதும் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் சமையல் அருமையாக அமைந்தும் பந்தி பரிமாறியவர்கள் சொதப்பினால் சாப்பாட்டையே குறை சொல்லிவிட்டுப் போவோம் இல்லையா, இதற்கு நடந்தது அதுதான்.

ஆனால் சமைத்தது பத்திரமாக இருந்தது. எடி கிரேமர் அந்த மூன்று ராத்திரிகளையும் பல தடங்களில் பதிவு செய்து வைத்திருந்தார். 2007-இல் கெவின் ஷர்லி அந்த நாடாக்களிலிருந்து முழுவதையும் புதிதாக மிக்ஸ் செய்தார். 1976 தட்டில் இல்லாத ஆறு பாட்டுகள் சேர்ந்தன: 'பிளாக் டாக்', 'ஓவர் த ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே', 'மிஸ்டி மவுண்டன் ஹாப்', 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ', 'தி ஓஷன்', 'ஹார்ட்பிரேக்கர்'. இவற்றில் 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' ஒன்றைக் கேட்டாலே பிளாண்ட்டுக்குக் குரல் போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2018-இல் நான்கு தட்டுகளாக வந்த பதிப்பில் 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' 29 நிமிடமாகவே ஒரே பக்கத்தில் இடம்பிடித்தது. புதிய மிக்ஸிலும் ஒட்டுகள் இருக்கின்றன, உன்னிப்பான ரசிகர்கள் எது எந்த ராத்திரி என்று இன்னமும் பிரித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் எதிரணி 1976-இல் எழுதிய தீர்ப்பையே இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது, 2007-இல் சேர்ந்த சாட்சியங்களை அது தொடவே இல்லை.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது, ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் பழைய தட்டின் மூன்றாம் பக்கத்தைப் போடுங்கள், 'நோ குவார்ட்டர்', பன்னிரண்டரை நிமிடம். ஜோன்ஸ் எலக்ட்ரிக் பியானோவில் எங்கெங்கோ போய்விட்டு வருகிறார், பேஜ் கிட்டாரில் பேசுகிறார், போன்ஹாம் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார், எந்த இடத்தில் கூட்டுகிறார் என்று கவனித்துக்கொண்டே கேளுங்கள். எதிரணி நண்பர்களும் சேர்ந்து கேட்கட்டும். நன்றி, வணக்கம்.