சீருடை கட்டாயம் என்றால் யாருக்குக் கட்டாயம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடமிருந்து வழக்கமாக ஓர் அறிவிப்பு வரும். புது பஸ் பாஸ் கைக்கு வரும்வரை மாணவர்கள் சீருடையில் வந்தாலோ, பழைய பாஸையோ அடையாள அட்டையையோ காட்டினாலோ போதும், கட்டணமில்லாமல் பயணம் செய்யலாம் என்று. அனுபவப்பட்ட கண்டக்டர் அட்டையை எல்லாம் கேட்க மாட்டார். சட்டை நிறத்தைப் பார்த்ததுமே "உள்ளே போ, உள்ளே போ, படியில நிக்காதே" என்பதோடு சரி. கிராமத்திலிருந்து டவுனுக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு அந்தச் சட்டைதான் டிக்கெட்.

பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கலாமா என்பது குறித்துப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இதை வைத்துப் பட்டிமன்றம் நடத்தினால் இரண்டு அணியும் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் சமத்துவம், ஒழுக்கம். மறுபக்கம் சுதந்திரம், தனித்துவம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகவும் கடைசியில் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள். சீருடை இருக்கட்டும் என்ற பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அதற்காக நாம் சொல்கிற காரணங்களில் பாதியை நான் நம்புவதில்லை. அப்புறம், கட்டாயப்படுத்துகிறவர்கள் அந்தக் கட்டாயத்தில் தங்கள் பங்கைச் செய்கிறார்களா என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது.

முதலில் தனித்துவம். சீருடை போட்டால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அச்சாகிவிடுவார்கள் என்கிறார்கள். வகுப்பறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அரசாங்கம் கொடுத்த தொளதொள பேன்ட்டை டெய்லரிடம் கொடுத்து ஒட்டிப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வருகிறவன் ஒருவன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, என்னைக் கண்டதும் இறக்கிவிடுகிறவன் இன்னொருவன். எல்லோரும் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடையோடு வர, ஒருத்தி மட்டும் ஏதாவது ஒரு காட்டுப் பூவைச் சொருகியிருப்பாள். தனித்துவம் அவ்வளவு சீக்கிரம் சாகிற சரக்கு இல்லை.

சமத்துவம் என்ற வாதத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கலர் டிரஸ் நாளைப் பார்த்தால் போதும். பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, ஒரு பாக்கெட் சாக்லேட்டோடு வரலாம் என்று நம் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பே அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். பாட்டுப் பாடும். அன்றைக்கு அவள்தான் ராணி. ஆனால் வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதி என் கையில் இருக்கிறதே. இன்றைக்கு இன்னொருத்திக்கும் பிறந்தநாள் என்பது எனக்குத் தெரியும். அவள் வழக்கமான சீருடையில், வழக்கமான இடத்தில், யாரிடமும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னால், "இல்ல டீச்சர், அது ஸ்கூல்ல சேக்கறப்போ சும்மா குடுத்த தேதி" என்பாள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். தீபாவளிக்கு மறுநாளும் இதே கதைதான். காலர் ஓரத்தில் மஞ்சள் வைத்த புதுத்துணியோடு ஒரு கூட்டம் வரும். சிலர் அன்றைக்கு வரவே மாட்டார்கள். வருஷத்தில் நாலைந்து நாள் இந்தப் பாடு என்றால், இருநூற்றுச் சொச்சம் நாளும் கலர் டிரஸ் என்றால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நான் சீருடை பக்கம் நிற்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஊர்க் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பள்ளிச் சீருடையிலேயே வரும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லீவு நாளில் என்ன சீருடை என்று கேட்டுவிடாதீர்கள். வீட்டில் கிழிசல் இல்லாத துணி அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு பழைய செய்தி சொல்கிறேன். இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், 1552-ல், லண்டனில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நீல அங்கிதான் உலகின் பழைய பள்ளிச் சீருடைகளில் ஒன்று. அதாவது, தர்மத்தில் படிக்கிற பிள்ளை என்று காட்டுவதற்கான துணி அது. பணக்காரப் பள்ளிகள் சீருடையைப் பெருமையாக எடுத்துக்கொண்டது பிற்பாடுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சீருடை ஒரு பள்ளிக்குள் வேற்றுமையைக் குறைக்கும். ஆனால் பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள வேற்றுமையைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போகும். டையும் ஷூவும் போட்ட பிள்ளை வேனுக்கு நிற்கும் அதே நிறுத்தத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளையும் நிற்கிறது. யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அந்த டை பற்றி ஒரு வார்த்தை. ஜூன் மாத வெயிலில், கரண்ட் போன வகுப்பறையில், ஆறு வயதுப் பிள்ளையின் கழுத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டு என்ன கண்டோம்? யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு வேண்டியதை ஊர் மக்களே கூடிக் கொடுத்தார்கள். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று போன அந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்கான சீருடையும் இருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1985-ல், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை என்பது அரசுத் திட்டமாகவே வந்தது. முதலில் வருஷத்துக்கு ஒரு செட். 2012-13 முதல் நான்கு செட். இந்த ஒன்றுக்கும் நான்குக்கும் இடையில் எத்தனை அம்மாக்களின் இரவுத் தூக்கம் இருக்கிறது என்பது, ஒரே செட்டைத் தினமும் சாயங்காலம் துவைத்து, மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டவர்களுக்குத் தெரியும். ஈரச் சட்டையோடு வந்து, முதல் இரண்டு பீரியட் ஃபேனுக்கு அடியில் இடம் கேட்டு உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

துணியை நெய்வது நம் நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள், தைப்பது மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள். ஏட்டில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. நெசவாளிக்கும் வேலை, தையல் தெரிந்த ஏழைப் பெண்ணுக்கும் வேலை, பிள்ளைக்குத் துணி. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. வளரும் பிள்ளைக்கு எடுத்த அளவு, தைத்துக் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும். மூட்டை பிரித்ததும் பள்ளியில் ஒரு சந்தையே கூடும். "உன்னது எனக்கு, என்னது அவனுக்கு" என்று பிள்ளைகளே மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் ரொம்ப ஒல்லியும் ரொம்பக் குண்டுமாக இரண்டு பேர் எதுவும் பொருந்தாமல் நிற்பார்கள். பெரிதாக இருந்தால் பிரச்சினை இல்லை. கால் மடிப்பை உள்ளே தைத்துவிட்டு, வருஷா வருஷம் பிரித்துவிட்டால் ஆயிற்று. பேன்ட்டின் அடியில் பழைய மடிப்புக் கோடுகளை எண்ணினால் அது எத்தனை வருஷப் பேன்ட் என்று தெரிந்துவிடும். சின்னதாக இருந்தால்தான் கஷ்டம், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். இந்த இலவசச் சீருடை 8-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 9-ஆம் வகுப்பில் நிறமும் மாறிவிடுகிறது, அதனால் பழையதை வைத்து ஓட்டவும் வழியில்லை. பிள்ளை உயரமாக வளர்கிற, துணி அதிகம் பிடிக்கிற வயதில்தான் அரசு கையை எடுத்துக்கொள்கிறது. துணி விலையைவிடத் தையல்கூலி கூடுதலாகப் போகும். படிப்பை விட்டு வேலைக்குப் போய்விடலாமா என்று பையன்கள் யோசிக்கிற வயதும் அதுதான். சீருடை வாங்க முடியாததால் மட்டும் ஒருவன் நின்றுவிடுவான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிற்கலாமா என்று யோசிப்பவனுக்கு ஜூன் மாதத்தில் இன்னொரு சாக்கை நாமே கையில் கொடுக்க வேண்டுமா? 12-ஆம் வகுப்பு வரை சீருடை கட்டாயம் என்றால், 12-ஆம் வகுப்பு வரை கொடுப்பதும் கட்டாயமாக இருக்க வேண்டும். இலங்கையில் 1993 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சீருடைத் துணியை, நடுவில் சில வருஷம் அதை வாங்குவதற்கான வவுச்சரை, அரசே கொடுத்துவருகிறது. மதிய உணவு சாப்பிடுகிறாயா, எத்தனாவது வகுப்பு என்று பார்ப்பதில்லை. பொருளாதாரம் தலைகுப்புற விழுந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. 2025-ஆம் ஆண்டுக்கான துணி முழுவதையும் சீனா நன்கொடையாகக் கொடுத்தது. இன்னொரு நாட்டிடம் கேட்டாவது கொடுக்க வேண்டிய விஷயம் என்று அவர்கள் அதை நினைக்கிறார்கள்.

தனியார் பள்ளிகளின் கதை வேறு. குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும், பாக்கெட்டில் பள்ளி முத்திரை, சாக்ஸில் பள்ளிக் கோடு, புதன்கிழமைக்குத் தனி வெள்ளை, அதற்குத் தனி கேன்வாஸ் ஷூ. பள்ளிக்குள் வியாபாரம் செய்யாதீர்கள் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே தன் பள்ளிகளுக்கு எழுதிச் சொன்னது. கேட்டவர்கள் கேட்டார்கள். அந்த வெள்ளை பற்றி அம்மாக்கள் எல்லோரும் நினைப்பதை நான் சொல்லிவிடுகிறேன். 12, 13 வயதுப் பெண் பிள்ளைக்கு வாரம் ஒருநாள் வெள்ளைப் பாவாடை என்று முடிவு செய்தவர் யாராக இருந்தாலும், ஒரு பெண்ணைக் கேட்டுச் செய்திருக்க மாட்டார். மாதத்தில் அந்த மூன்று நாளில் புதன்கிழமை வந்தால், அன்றைக்கு லீவு போட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அடர்ந்த நிறத்தில் ஒரு துணி எடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

சீருடை போட்டால் வேற்றுமை மறைந்துவிடும் என்று ரொம்ப உறுதியாகச் சொல்கிறவர்களைத் தென் மாவட்டங்களுக்கு ஒருமுறை அழைத்துப் போக ஆசை. சட்டை எல்லோருக்கும் ஒன்றுதான். மணிக்கட்டில் கயிறு இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. எந்த நிறம் எந்தச் சாதி என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது, வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். 2019-ல் பள்ளிக்கல்வி இயக்குநரகமே இதைக் கவனித்து நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பேச்சு அடங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடவே தடுக்க வந்த தங்கையையும், வீடு புகுந்து வெட்டினார்களே, வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். ஒரே சீருடை. அதன் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிறு போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. நெற்றித் திலகத்தையும் சேர்த்துச் சொன்னதால் விவாதம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி நானும் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். மேஜையில் அவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை புதுக் கயிறு இருக்கும். யார் கட்டிவிட்டது என்று கேட்டால், சிலர் அண்ணன் என்பார்கள், சிலர் மாமா. சீருடையின் மேல் அந்த வேலையையும் ஏற்றிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

கர்நாடகத்தில் 2022-ல் இதுவே வேறு விதமாக வந்தது. அங்கே சீருடையின் பெயரால் முஸ்லிம் மாணவிகளின் ஹிஜாபை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. உச்ச நீதிமன்றத்தில் அந்த அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடை சரி என்றார். நீதிபதி சுதான்ஷு துலியா, ஒரு பெண் பிள்ளை படிக்க வருவதற்கே எவ்வளவு தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்து, தடை கூடாது என்றார். நான் துலியா பக்கம். நம் பள்ளிகளில் சீருடைக்கு ஏற்ற நிறத்தில் தலையில் துணி போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். அதனால் கணக்குப் பாடம் நின்றுவிடவில்லை. அப்படியானால் கயிற்றை மட்டும் ஏன் அவிழ்க்கச் சொன்னாய் என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்துப் பையனை மிரட்டக் கட்டுகிற அடையாளத்தையும், அது இருந்தால்தான் வீட்டில் படிக்க அனுப்புவார்கள் என்கிற அடையாளத்தையும் என்னால் ஒரே தட்டில் வைக்க முடியாது. வேறுபாடு எங்கே என்று கேட்டால் சில இடங்களில் எனக்கும் குழம்பும். பிள்ளை வகுப்புக்குள் வருவதற்கு எது உதவுகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறேன்.

அதே காரணத்துக்காகத்தான் தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சீருடை இல்லாமல் வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் பாதிப் பேர் வீட்டுக்குப் போவதில்லை. பேருந்து நிலையத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஏன் போடவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் காரணம் வந்துவிடும். காயவில்லை, கிழிந்துவிட்டது, அப்பா குடித்துவிட்டு வந்து கொடியோடு அறுத்துப் போட்டுவிட்டார். மார்ச், ஏப்ரலில் பிளஸ் டூ முடித்துப் போகும் பிள்ளைகளிடம் நல்ல நிலையில் இருக்கும் சீருடையைக் கேட்டு வாங்கி, துவைத்து, அளவுவாரியாக ஓர் அலமாரியில் அடுக்கி வைத்தால், ஜூனில் கேட்க ஆள் இருப்பார்கள். அலமாரிச் சாவியை மட்டும் ஆபீஸில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கூச்சமில்லாமல் போய்க் கேட்கிற ஒரு டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

நன்றி, வணக்கம்.