முழங்கையில் பட்ட அடியும் சுண்டுவிரலும்

பெரியோர்களே, மாணவர்களே,

முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது போல் துடித்துப்போகாதவர் இந்த அவையில் ஒருவரும் இருக்கமாட்டார். எலும்பில் அடிபட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அடிபட்டது, முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னேயுள்ள பள்ளத்தில், தோலுக்கு வெகு அருகே ஓடும் அல்நார் நரம்பு.

எட்டாவது கழுத்து நரம்பும் முதலாவது மார்பு நரம்பும் தரும் இழைகளால் ஆன இந்நரம்பு, அக்குளிலுள்ள நரம்புப் பின்னலிலிருந்து பிரிந்து, மேற்கையில் எந்தத் தசைக்கும் கிளை தராமல் இறங்குகிறது. முன்கையிலும் அது இயக்குவது ஒன்றரைத் தசைதான்: மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கும் தசை முழுவதும், விரல்நுனிகளை மடக்கும் ஆழ்தசையில் பாதியும். அதன் பெரும்பணி உள்ளங்கையில் இருக்கிறது. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் ஏழு சிறுதசைகளும், கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்க்கும் தசையும் இதன் ஆணையில் இயங்குபவை. விரல்களை நெருக்கிக் குவித்துச் சோற்றை அள்ளுகிறோமே, அதற்கே இந்நரம்பு வேண்டும். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் தொடுவுணர்வைத் தருவதும் இதுவே.

மணிக்கட்டருகே இது வெட்டுப்பட்டால் அவ்விரு விரல்களும் கொக்கிபோல் வளைந்துவிடும். முழங்கையருகே வெட்டுப்பட்டால் வளைவு இன்னும் கூடும் என்றுதானே எண்ணுவோம்? குறைகிறது. விரல்நுனியை மடக்கும் ஆழ்தசையின் பாதியும் அங்கே செயலிழந்துவிடுவதால், விரலைச் சுருட்டி இழுக்க ஆள் இல்லை. மேலே பட்ட காயம் ஆறி, நரம்பு தேறிவரும்போது முதலில் அந்த ஆழ்தசை உயிர்பெறுவதால் விரல் முன்னைவிட வளைகிறது; நோயாளி அஞ்சுகிறார், மருத்துவரோ மகிழ்கிறார்!

இந்நரம்பை அதிகம் தாக்கும் நோய்களில் தொழுநோய் முக்கியமானது. நரம்பு முழங்கைக்குச் சற்று மேலே தடித்துப்போவதை விரலால் தடவியே அறியலாம். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நன்றாக இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்து, மடங்கிய கைகளை நிமிர்த்தினார். ஆனால் அந்த அறுவை தொடுவுணர்வைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொடுமுன் அது சூடா என்று கையை நம்பாமல், துணி பிடித்தே தூக்கும் பழக்கத்தை அந்நோயாளிகள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.