ஐஸ் இல்லாத மாதத்து ஹொக்கி

வணக்கம். ஜூலை மாதம், வெளியில கொளுத்துற வெயில், இந்த மனுசன் என்னத்துக்கு ஐஸ் ஹொக்கி கதைக்க வந்து இருக்கிறார் எண்டு நீங்கள் கேட்கிறது ஒலிவாங்கிக்கு முன்னால இருக்கிற எனக்கே கேட்குது.

கதைக்க வேண்டிய மாதம் இதுதான். என்எச்எல் எண்ட வட அமெரிக்க ஹொக்கி லீக்கில ஒக்ரோபரில தொடங்கி ஜூன் மட்டும் விளையாடுவினம். ஜூலை முதலாந் திகதி மத்தியானம் 12 மணிக்குச் சந்தை திறக்கும். ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்டக்காரர் ஆர், எந்த அணிக்குப் போறார், எத்தினை மில்லியனுக்குப் போறார் எண்டு நிமிசத்துக்கு ஒரு செய்தி. அண்டைக்குக் கனடா தினம். பின்வளவில இறைச்சி வாட்டுறது எங்கட வீட்டில என்ர பொறுப்பு. 2018ஆம் ஆண்டு ஜோன் டவாரெஸ் எண்ட ஆட்டக்காரர் ரொறன்ரோ அணிக்கு வாறார் எண்ட செய்தி வந்த நேரம் ஒரு தட்டுக் கோழி முழுக்கக் கரிஞ்சது. மனிசி இப்பவும் சொல்லிக் காட்டுவா. டவாரெஸிட்டைத் திரும்பி வருவன்.

முதலில ஒரு பழைய கதை. 1988இல நான் இந்த நாட்டுக்கு வந்து சில மாதம். ரொறன்ரோவில ஒரு உணவகத்தில கோப்பை கழுவுற வேலை. ஓகஸ்ட் 9ஆந் திகதி, பின்னேரம், குசினிக்குள்ள ரேடியோ போகுது. எங்கட சமையல்காரர் எட்மன்ரனில பிறந்து வளர்ந்த ஆள், ஆறடிக்கு மேல. அந்த மனுசன் கரண்டியை வைச்சிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில நிண்டு அழுகிறார். நான் நினைச்சன், ஆரோ செத்துப்போச்சினம் எண்டு. அந்த வருசம் ஊரில இருந்து வந்த எனக்கு, வளர்ந்த ஆம்பிளை ரேடியோவுக்குப் பக்கத்தில நிண்டு அழுதா வேற காரணம் தெரியாது. கிட்டப் போய், எனக்குத் தெரிஞ்ச ஆங்கிலத்தில, எத்தினை பேர் எண்டு கேட்டன். அவருக்கு என்ர கேள்வி விளங்கேல்லை. ‘மூண்டு பேர்’ எண்டார்.

மூண்டு பேரும் உயிரோட இருக்கினம் எண்டு எனக்கு அடுத்த நாள்தான் தெரிஞ்சது. எட்மன்ரன் ஒயிலர்ஸ் அணி, அந்தக் காலத்தின்ர ஆகப் பெரிய ஹொக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெற்ஸ்கியையும் இன்னும் இரண்டு பேரையும் லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் குடுத்திட்டுது. பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர், இளம் ஆட்டக்காரரை முதற்சுற்றில தெரிவு செய்யிற உரிமை மூண்டு, 15 மில்லியன் அமெரிக்க டொலர் காசு. காசு எண்டதைக் கவனியுங்கோ. எட்மன்ரனில அணி முதலாளி பீற்றர் பொக்லிங்ரனுக்குக் கொடும்பாவி எரிச்சவை. அரசாங்கம் இதைத் தடுக்க வேணும் எண்டு என்டிபி கட்சியின்ர பாராளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ் கேட்டார். ஒரு விளையாட்டுக்காரனுக்காக! அதுக்கும் மேல, கிரெற்ஸ்கி கலியாணம் முடிச்சு 24 நாள்தான் ஆகியிருந்தது. மனிசி ஜனெற் ஜோன்ஸ் அமெரிக்க நடிகை. அவதான் கூட்டிக்கொண்டு போறா எண்டு சனம் அவவைப் போட்டுத் திட்டினது. எங்கட ஊரிலயும் பெடியன் தனிக்குடித்தனம் போனா மருமகளைத்தானே சொல்லுவினம். அந்த இடத்தில எனக்குக் கனடாக்காரரைக் கொஞ்சம் விளங்கினது.

அந்தக் கதை அதோட முடியேல்லை. 1990இல எட்மன்ரன் கிரெற்ஸ்கி இல்லாமலே லீக்கின்ர ஸ்ரான்லி கிண்ணம் எடுத்தது. கிரெற்ஸ்கி அதுக்குப் பிறகு ஒரு கிண்ணமும் எடுக்கேல்லை. ஆனா 1993 மே மாதம், கிங்ஸோட விளையாடின தொடரில எங்கட ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் இறுதிப் போட்டிக்குப் போக ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்ட நேரம், ஆறாவது ஆட்டத்தில கிரெற்ஸ்கியின்ர தடி எங்கட ஆட்டக்காரர் டக் கில்மரின்ர முகத்தில பட்டது. நடுவர் தண்டனை குடுக்கேல்லை. பிறகு அவரே கோல் போட்டு அந்த ஆட்டத்தை வெண்டார். ஏழாவது ஆட்டத்தில, எங்கட மண்டபத்திலயே, மூண்டு கோல். சரி, இதைத் தொடங்கினா நான் நிப்பாட்ட மாட்டன். 1988 கோடையில எட்மன்ரனில எழுதின ஒப்பந்தம் ஐஞ்சு வருசம் கழிச்சு எங்கட வயித்தில அடிச்சது, அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த விசயம். விட்டிட்டுப் போற ஆட்டக்காரனைத் துரோகி எண்டு சொல்லாதேங்கோ. 18 வயதில ஒரு பெடியனை அணிகள் வரிசையில நிண்டு தெரிவு செய்யினம். அவனிட்டை ஆரும் கேட்கிறேல்லை. பேசிச் செய்த கலியாணத்தில கூட படத்தையாவது காட்டுவினம். பொதுவா 27 வயது ஆக வேணும், இல்லாட்டி ஏழு பருவம் விளையாடி முடிக்க வேணும். அதுக்குப் பிறகுதான் ‘எனக்கு எங்க விருப்பம்’ எண்டு வாய் திறக்கலாம். முதல்தரம் வாய் திறக்கிற அண்டைக்குத்தான் நாங்கள் சட்டையைக் கொளுத்திறம்.

டவாரெஸைப் பாருங்கோ. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில வளர்ந்த பெடியனை 2009இல நியூயோர்க் ஐலண்டர்ஸ் முதல் ஆளாத் தெரிவு செய்தது. ஒன்பது பருவம் அங்க. பிறகு ஏழு வருசத்துக்கு 77 மில்லியனுக்கு இஞ்ச வந்தார். சின்ன வயதில லீஃப்ஸ் படுக்கைவிரிப்பில நித்திரை கொள்ளுற படத்தையும் போட்டார். எங்களுக்குக் கண்ணீர் வந்தது, ‘பிள்ளை வீட்டுக்கு வந்திட்டான்’ எண்டம். ஐலண்டர்ஸின்ர ஊரான லோங் ஐலண்டில அதே படத்தைப் பார்த்த சனம், அவர் திரும்பி விளையாடப் போன அண்டைக்கு றபர் பாம்பு எறிஞ்சது.

பிறகு லீஃப்ஸின்ர மிச் மார்னர். எங்கட சனம் நிறைஞ்ச மார்க்கம் நகரத்தில பிறந்தவர். 2024-25 பருவம், போட்ட கோலும் போட உதவின கோலும் சேர்த்து 102 புள்ளி. 2025 மே மாதம் புளோரிடாவோட ஏழாவது ஆட்டம், சொந்த மண்டபத்தில, 6-1 எண்டு தோத்தம். ஜூன் 30ஆந் திகதி அவர் நெவாடா மாநிலத்து வேகாஸ் அணிக்குப் போயிட்டார், எட்டு வருசம், வருசத்துக்கு 12 மில்லியன். அவருக்குப் பதிலா எங்களுக்கு வந்தது நிக்கொலா ருவா எண்ட ஆட்டக்காரர். என்ர மகன் மார்னரின்ர 16ஆம் இலக்கச் சட்டையைக் கழட்டிக் கராஜுக்குள்ள எறிஞ்சிட்டான். ‘தம்பி, ஏழு வருசத்துக்கு முதல் இதே மாதிரி ஒருத்தர் வர நீ துள்ளினனி’ எண்டன். அவன் என்னோட இரண்டு நாள் கதைக்கேல்லை.

வரிக் கதையும் ஒண்டு இருக்கு. நெவாடாவிலயும் புளோரிடாவிலயும் மாநில வருமான வரி இல்லை. 2020 தொடக்கம் 2025 மட்டும் ஆறு கிண்ணத்தில ஐஞ்சு அந்த இரண்டு மாநிலத்துக்குத்தான் போச்சு. வரிதான் எல்லாத்துக்கும் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன். 1967இல இருந்து நாங்கள் கிண்ணம் எடுக்காததுக்கு வரியைச் சொன்னா வெக்கக்கேடு. ஆனா ஒரு அணி மொத்தமாக் குடுக்கக்கூடிய சம்பளத்துக்கு வரம்பு இருக்கு. 2004-05 பருவம் முழுக்க விளையாட்டே நடக்காமல் போன பிறகு வந்த சட்டம், 39 மில்லியனில தொடங்கி 2025-26 பருவம் 95.5 மில்லியனுக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு பானை எண்டா, அதே அரிசியில கையில கூடச் சோறு மிஞ்சுற ஊருக்கு ஆக்கள் போவினம்.

கண்ணாடிக்கு அங்கால தம்பி கை காட்டுறார், இரண்டு நிமிசமாம். மற்ற அணியின்ர இளம் ஆட்டக்காரனுக்கு விலை எழுதி அனுப்புற முறையைப் பற்றி நல்லா விரிவாச் சொல்ல நினைச்சு வந்தனான். சுருக்கமா: 2019இல மொன்றியல், கரோலைனாவின்ர செபஸ்ரியன் அஹோவுக்கு அப்பிடி எழுதினது. கரோலைனா அதே விலையைக் குடுத்து ஆளைத் தக்க வைச்சது. 2021இல கரோலைனா, மொன்றியலின்ர கொற்கனியெமிக்கு எழுதினது, ஆறு மில்லியனுக்கு மேல. அதில கையெழுத்துப் பணம் எண்டு ஒரு வரி, 20 டொலர். மில்லியன் இல்லை, வெறும் 20 டொலர். அஹோவின்ர சட்டை இலக்கம் 20! மொன்றியல் ஆளை விட்டிட்டுது. ஓம் தம்பி, முடிக்கிறன். வணக்கம்.