அந்தக் குதிரையை நகர்த்த முடியாது

நடுவர் அவர்களே, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி அல்சூர் வரை வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூர்த் தமிழர் எல்லோருக்கும் ஒரு கும்பிடு. அந்தப் பொறுமையே பெரிய விளையாட்டுப் பண்புதான்.

'இணையவழிச் செஸ் போட்டிகள் குழந்தைகளிடம் விளையாட்டுப் பண்பை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா' என்பது தலைப்பு. வளர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மூன்று குறை சொன்னார். கை குலுக்குவது கிடையாது, எதிராளியின் முகம் தெரியாது, கம்ப்யூட்டரில் இன்னொரு ஜன்னலில் எஞ்சினை, அதாவது நல்ல நகர்த்தலைச் சொல்லித்தரும் செஸ் மென்பொருளை, திறந்து வைத்துக்கொண்டு அழுகுணி ஆட்டம் ஆடலாம். மூன்றும் உண்மை. ஆனால் அந்த மூன்றாவது குறை இருக்கிறதே, அதுதான் என் கட்சி.

நேரில் நடக்கும் போட்டியில் என்ன செய்கிறோம்? ஃபோனை வாசலிலேயே வாங்கி வைக்கிறார்கள். ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர், மேசை மேசையாக நடக்கிறார். அம்மா அப்பாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே என் மகன் நேர்மையாக ஆடினால் அதில் அவன் பங்கு எவ்வளவு, ஆர்பிட்டர் பங்கு எவ்வளவு? யாருக்குத் தெரியும்! வீட்டில் கதை வேறு. உலக சாம்பியனையே தோற்கடிக்கிற எஞ்சின் இலவசமாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. பெரிய போட்டிகளில் பக்கவாட்டில் இன்னொரு கேமரா வைக்கச் சொல்வார்கள், ஆடிய நகர்த்தல்களை எஞ்சினோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எல்லாம் சரி. ஆனால் ஞாயிறு காலை நடக்கிற சின்னப் போட்டியில் பிள்ளையும் அவன் மனசாட்சியும்தான்.

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்கிறேன். மகனுக்குப் பதினொரு வயது. போன மாதம் ஒரு போட்டியில் கடைசிச் சுற்று. ஹார்லிக்ஸ் கொடுக்கிற சாக்கில் பின்னால் போய் நின்றேன். அவன் குதிரை ஒரு நல்ல கட்டத்துக்குப் போகலாம், அவன் பார்க்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "குதிரை" என்றேன். மெதுவாகத்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயோ அம்மா, இனிமேல் அந்தக் குதிரையை நான் நகர்த்த முடியாதே" என்றான். வேறு காயை நகர்த்தினான். தோற்றான். ஹார்லிக்ஸையும் குடிக்கவில்லை. நடுவர் அவர்களே, அந்த அறையில் அழுகுணி ஆட்டம் ஆடியது யார்?

குழந்தைகள் கெடுகிறார்கள் என்கிறது எதிரணி. பெரியவர்களைப் பார்ப்போம். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்குப் பணம் திரட்ட விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். நம் ஊர் இளம் கோடீஸ்வரர் ஒருவர் அவரைத் தோற்கடித்தே விட்டார்! மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார், கம்ப்யூட்டர் உதவியும் ஆள் உதவியும் இருந்ததாம். அவர் என்ன, சின்ன வயதில் ஆன்லைன் போட்டி ஆடிக் கெட்டுப்போனவரா? அவர் தலைமுறை பலகையில் செஸ் கற்ற தலைமுறை.

கை குலுக்கலுக்கும் வருகிறேன். 2025 ஜூன், நார்வே செஸ் போட்டி. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் நம் குகேஷிடம் விட்ட முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தினார், காய்கள் சிதறின. நேருக்கு நேர், கேமரா முன்னால். உடனே மன்னிப்பும் கேட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். முகம் தெரிந்ததால்தான் மன்னிப்பு வந்தது என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும், அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

ஆனால் முகம் தெரியாதவர்மேல் இரக்கம் வருமா? என் மகனுக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ராணி போய்விட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்ய மாட்டான். கடிகாரத்தில் ஏழு நிமிடம் இருக்கும், அது பாட்டுக்கு ஓடட்டும் என்று எழுந்து தோசை சாப்பிடப் போய்விடுவான். எங்கேயோ ஒரு பிள்ளை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் திட்டினேன், அவன் அப்பா திட்டினார், எதுவும் ஏறவில்லை. ஒரு நாள் இவன் ஜெயிக்கிற ஆட்டத்தில் எதிராளி அதையே செய்தான். ஒன்பது நிமிடம். "வேணும்னே பண்றான்மா" என்று அழுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் தோற்றால் 'நல்ல ஆட்டம்' என்று தட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறான்.

இன்னொன்று. 2020 இணைய ஒலிம்பியாட் இறுதியில் நாம் ரஷ்யாவோடு ஆடினோம். முதல் சுற்று 3-3. இரண்டாவது சுற்றில் நம் அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணையம் அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றார்கள். முறையிட்டோம். இரண்டு நாடும் சாம்பியன் என்று உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அறிவித்தது. கைதட்டினோம். ஆனால் அதே போட்டியின் காலிறுதியில் நம்மோடு ஆடிய ஆர்மீனிய வீரருக்கும் இணைப்பு போனது. அவர்கள் முறையீடு எடுபடவில்லை, விலகிவிட்டார்கள், நாம் மேலே போனோம். இதை நான் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினேன். பையன் கேட்டான்: "அப்போ ஆர்மீனியாவுக்கும் ஏதாவது குடுத்திருக்கணும்ல?"

இந்தக் கேள்வியை எந்த ஆர்பிட்டரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டில் வைஃபை அறுந்து தோற்றிருக்கிறான், அதனால் கேட்டான்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். மகன் எங்கே என்று வாசலில் ஒரு அம்மா கேட்டார்கள். ஐந்தரைக்கு அவனுக்குச் சுற்று இருக்கிறது, வீட்டில் ஆடிக்கொண்டிருப்பான். நான் இங்கே நிற்கிறேன், அவன் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டி மட்டும்தான் கூட இருக்கிறார். பாட்டிக்குப் பல்லாங்குழி தெரியும், குதிரை எப்படிப் போகும் என்று தெரியாது. நன்றி, வணக்கம்.