ஒரே தண்ணீருக்கு இரண்டு பதில்: மீன் தொட்டி டெஸ்ட் கிட்களை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் இருந்து கதைக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற தொட்டியில் இருப்பது செரி பார்ப், சிங்களத்தில் லே தித்தயா. இலங்கைக்கே உரிய மீன். நிழல் விழுகிற சின்ன ஓடைகள்தான் இதன் ஊர்.

இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு பின்னேரம் இந்தத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். நனைத்துப் பார்க்கிற காகிதக் கீற்று, மீன் கழிவால் தண்ணீரில் சேர்கிற நைட்ரேட் 50 என்றது. சொட்டு மருந்து விடுகிற கிட் 10 என்றது. தண்ணீர் மாற்றுவதா, விடுவதா? அன்று மாற்றிவிட்டேன், ஆனால் மனம் ஆறவில்லை. இரண்டு கிட்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் எது சரி என்று ஒருநாளும் தெரியாது. விடை தெரிந்த தண்ணீர் ஒன்று வேண்டும். அதை நாமே செய்யலாம்.

இதோ, செடிகளுக்கு உரமாகப் போடுகிற பொட்டாசியம் நைட்ரேட். இதில் 1.63 கிராம் எடுத்தால் அதற்குள் நைட்ரேட் மட்டும் 1 கிராம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசில் நிறுத்து, பற்றரிக்கு விடுகிற தண்ணீரில் கரைத்து 1 லீற்றர் ஆக்கினேன். லீற்றருக்கு 1000 மில்லிகிராம், அதாவது 1000 பிபிஎம். பார்மசியில் வாங்கிய ஊசிக் குழாயால் இதில் 10 மில்லிலீற்றர் எடுத்து, அரை லீற்றர் வரும்வரை பற்றரித் தண்ணீர் சேர்த்தால் சரியாக 20 பிபிஎம். அதற்கு முன் பற்றரித் தண்ணீரைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். அதிலேயே நிறம் வந்தால் அடுத்த எதையும் நம்ப முடியாது. எனக்குப் பூச்சியம்தான் வந்தது.

சரி, முதலில் சொட்டுக் கிட். என்னிடம் இருப்பது ஏபிஐ நிறுவனத்தினது. 5 மில்லிலீற்றர் தண்ணீர், முதலாம் போத்தலில் 10 சொட்டு, இரண்டாம் போத்தலில் 10 சொட்டு, 5 நிமிடம் பொறுக்க வேண்டும். 20 பிபிஎம் தண்ணீருக்கு வந்த நிறம் 5க்கும் 10க்கும் நடுவே! கிட் பழுது என்றுதான் நினைத்தேன். பிறகு காகிதத்தைத் திரும்ப வாசித்தேன். இரண்டாம் போத்தலை 30 செக்கன் பலமாகக் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பிறகு குழாயை இன்னும் 1 நிமிடம் குலுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நான் இரண்டு தரம் ஆட்டிவிட்டு விட்டிருந்தேன். நைட்ரேட்டை நேரே நிறமாக்க முடியாது. முதலில் நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் வர வைக்கிறார்கள், அந்த மாற்றத்தைச் செய்கிற தூள் போத்தலின் அடியில் போய்ப் படிந்துவிடும். தூள் குழாய்க்குள் வராவிட்டால் விடை குறையும். ஒழுங்காகக் குலுக்கித் திரும்பச் செய்தேன், கிட்டோடு வருகிற நிறக் கார்ட்டில் உள்ள 20 நிறம் அப்படியே வந்தது. அப்போ, அன்று காட்டிய அந்த 10 கூட என் கை செய்த பிழைதான். இத்தனை மாதமும் பாதிக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இதே காரணத்தால் இன்னொன்றும் நடக்கும். புதுத் தொட்டியில் நைட்ரைட் ஏறி நிற்கிற நாட்களில் நைட்ரேட் டெஸ்ட் அதையும் சேர்த்தே நிறமாக்கும். அந்த நாட்களில் வருகிற நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம்.

இப்போது கீற்றுகள். ஒரே நிறுவனத்தின் இரண்டு டப்பா. ஒன்று போன மழைக்காலத்தில் திறந்தது, மற்றது இந்தக் கிழமை. அதே 20 பிபிஎம் தண்ணீரில் புதியது 25 நிறத்தைக் காட்டியது. அதன் கார்ட்டில் 0க்கு அடுத்தது 25தான், ஆகவே அது சரியான விடையே. பழையது 50. கடற்கரைக்கு இவ்வளவு கிட்டே இருக்கிற வீட்டில், மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலும் ஈரம் உள்ளே போய்விடும். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. டப்பாவை மூடாமல் விட்டது நான்.

சொட்டுக் கிட்டுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 40க்கும் 80க்கும் இடையே என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை, இரண்டும் ஒரே சிவப்பு. அப்படி வந்தால் ஒரு பங்கு தண்ணீருக்கு மூன்று பங்கு பற்றரித் தண்ணீர் கலந்து சோதித்து, வருகிற எண்ணை நான்கால் பெருக்குங்கள். பகல் வெளிச்சத்தில், யன்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லா நிறமும் பொய்.

இன்னொரு கவனம். சில கிட்களும் மீற்றர்களும் நைட்ரேட்டைச் சொல்லாமல், அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். அந்த எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். ஒன்று 5, மற்றது 22 என்று சண்டை பிடித்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கேஎச் கிட். தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில, கார நிலையை, ஆடாமல் பிடித்து வைக்கிற கார்பனேட் அளவுதான் கேஎச். இங்கே நிறத்தை ஒப்பிடத் தேவையில்லை. நீலம் மஞ்சளாகும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். அப்பச்சோடா 0.30 கிராமை 1 லீற்றர் பற்றரித் தண்ணீரில் கரைத்தால் 10 டிகிரி. என் கிட் பத்தாவது சொட்டில் மஞ்சளானது. மனம் நிறைந்துவிட்டது. என் குழாய்த் தண்ணீர் 2 சொட்டு மட்டும்தான். 5 மில்லிலீற்றருக்குப் பதிலாக 10 எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி, இன்னும் நுணுக்கமாகத் தெரியும். அமோனியாவை நைட்ரேட்டாக்குகிற பக்டீரியாக்கள் இந்தக் கேஎச்சைத் தின்றுகொண்டே இருக்கும். அது முடிந்தால் பிஎச் திடீரென்று விழும். இவ்வளவு மென்மையான தண்ணீர் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒரு தடவை கட்டாயம் பாருங்கள்.

பிஎச்சைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தண்ணீருக்கு, பிஎச் 6.86 என்று தெரிந்த கரைசலில் சரிசெய்த பேனா மீற்றர் 7.1, சொட்டுக் கிட்டும் ஏறக்குறைய அதுவே. புதிய கீற்றுக்கூட 6.4 என்றது. தண்ணீரில் கேஎச் குறைவாக இருந்தால் கீற்றில் உள்ள மருந்தே தண்ணீரின் பிஎச்சை அசைத்துவிடும். சொட்டுக் கிட்டின் சாதாரணக் கார்ட் 6.0க்கும் 7.6க்கும் இடையில்தான். மஞ்சள் வந்தால் அது 6.0 ஆகவும் இருக்கலாம், அதற்கு எவ்வளவோ கீழாகவும் இருக்கலாம்.

கடைசியாக இந்தப் போத்தல். யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுத் தோட்டக் கிணற்றுத் தண்ணீர், போன முறை போனபோது எடுத்து வந்தேன். சுண்ணாம்புக் கல் நிலம் என்பதால் கடினத்தன்மை அதிகமாக இருக்கும் என்று தெரியும். கடினத்தன்மையைப் பார்க்கிற ஜிஎச் கிட்டில் 22 சொட்டு போனது. நான் எதிர்பார்க்காதது நைட்ரேட். நேரே பார்த்தால் கடும் சிவப்பு. நான்கு மடங்கு ஐதாக்கிப் பார்த்தேன், 20. அப்படியானால் கிணற்றில் 80. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 50. அதுவும் பால்குடிக் குழந்தைகளை நினைத்து வைத்த அளவு. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

மீன் தொட்டிக் கிட்டை வைத்துக் குடிநீருக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. சித்திக்கு உடனே கோல் எடுத்தேன், மகளின் குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம், ஒரு போத்தலை ஆய்வுகூடத்தில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் கொடுப்பதாகச் சொன்னார். முடிவு வந்ததும் என் 80ஐப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.