அல்லியின் இனத்தைப் பூவின் நிறம் சொல்லுமா?

"குளத்தில் நீலமாகப் பூத்தால் நீலாம்பல், வெள்ளையாகப் பூத்தால் வெள்ளாம்பல் என்று நிறத்தை வைத்தே இனம் பிரித்துவிடலாமா?" என்று நேயர் ஒருவர் படத்துடன் கேட்டிருக்கிறார். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே என் பதில். நீலாம்பலாகிய நிம்ஃபேயா நௌச்சாலி வெளிர்நீலத்தில் மட்டுமன்றி வெள்ளையாகவும் இளஞ்சிவப்புச் சாயலோடும் பூக்கும் என்பதால், நிறத்தை நம்பினால் அதையும் வெள்ளாம்பலாகிய நிம்ஃபேயா புபெசென்ஸையும் ஒன்றென்றே எழுதிவிடுவோம்.

முதலில், மிதக்கும் முதிர்ந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் மென்மயிர் படர்ந்து, விளிம்பில் கூரிய பற்கள் இருந்தால் அது பெரும்பாலும் புபெசென்ஸ். வழவழப்பாக இருந்து, விளிம்பு பற்களின்றியோ சீரற்ற அலைபோலவோ அமைந்தால் நௌச்சாலி. நீருக்குள் மூழ்கியிருக்கும் மெல்லிய இளம் இலைகளை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

பூ விரியும் நேரமும் உதவும்; ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நௌச்சாலி பகலில் பூப்பது, புபெசென்ஸும் செவ்வல்லியும் இரவில் பூப்பவை என்றாலும், இரவில் விரிந்த பூ மறுநாள் முற்பகல் வரை மூடாமலே இருக்கும். ஆகவே காலை எட்டு மணிக்கு விரிந்திருப்பதைப் பார்த்துப் பகற்பூ என்று குறித்துக்கொள்ளக் கூடாது. அந்தி சாய்ந்த பிறகும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

என் கணிப்பில் மிக உறுதியான சான்று பூவின் உள்ளேதான் இருக்கிறது. தாவரவியலாளர் ஹென்றி கோனார்டு 1905இல் வெளியிட்ட ஆய்வுநூல், சூலகத்தின் சூலிலைகள் (சூலகத்தை உருவாக்கும் அறை போன்ற பகுதிகள்) பக்கவாட்டில் முழுவதும் இணைந்துள்ளனவா, தனித்து நிற்கின்றனவா என்பதைக் கொண்டே நிம்ஃபேயா என்னும் அல்லிப் பேரினத்தை இரண்டாகப் பிரித்தது. நௌச்சாலியில் அவை தனித்தும் புபெசென்ஸில் இணைந்தும் இருக்கும். மேலும், நௌச்சாலியின் மகரந்தப்பைக்கு மேலே சிறு நீட்சி ஒன்று தெளிவாகத் தெரியும்.

பழைய நூல்களில் வரும் நிம்ஃபேயா ஸ்டெல்லாட்டா என்ற பெயர் இன்று நௌச்சாலிக்குள் அடங்கிவிட்டது. அதைத் தனி இனமாகத் தேட வேண்டியதில்லை.

தோட்டத்திலிருந்து குளத்துக்குப் பரவிய கலப்பினங்களே இப்போது பெரும் குழப்பம். நௌச்சாலியைத் தேசிய மலராகக் கொண்ட இலங்கையிலேயே ஊதாநிறக் கலப்பினம் ஒன்று அதன் பெயரில் படங்களில் இடம்பெற்றுவந்தது. இலையின் மேற்புறத்தில், காம்பு சேருமிடத்தில் சிறு கன்று முளைத்திருந்தால், அதில் மேற்கு ஆப்பிரிக்க மைக்ராந்தா இனத்தின் கலப்பு இருக்கலாம் என்று ஐயப்படுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பூவின் மேற்புறம் மட்டுமே தெரிகிறது. இலையின் அடிப்புறம், விளிம்பு, குறுக்காக வெட்டிய சூலகம் ஆகியவற்றின் படங்களை, எடுத்த நேரத்தோடு அனுப்பினால் பெயர் சொல்ல முயல்கிறேன்.