ஷூவில் எதையும் வரையலாம், இந்த இரண்டைத் தவிர!

[திரையில்: ஒரு வெள்ளை ஷூ. அதன் மேல் தூரிகை இறங்குகிறது.]

புலி வரையலாம், தாமரை வரையலாம், உங்கள் வீட்டு நாய்க்குட்டியின் முகத்தைக்கூட வரையலாம். ஆனால் இந்தியாவில் ஷூ ஓவியர்கள் தொடத் தயங்கும் படங்கள் இரண்டு உண்டு. ஒன்றைச் சட்டம் தடுக்கிறது. மற்றொன்றைத் தடுக்கச் சட்டமே வேண்டாம், வீட்டில் இருக்கும் பாட்டி போதும். அவை என்னவென்று சொல்கிறேன். அதற்கு முன், பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஷூ வாங்கி, அதைத் தெருவில் போட்டு நடக்காமல் பெட்டியோடு அலமாரியில் அடுக்கி வைக்கும் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

முன்கதையை ஓட்டமாக ஓடிக் கடக்கலாம். 1985இல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பெயரில் நைக்கி நிறுவனம் ஏர் ஜோர்டன் ஷூவை விற்பனைக்கு விட்டது. ஜோர்டன் போட்டிருந்த கறுப்பு சிவப்பு நிறம் விதிக்கு ஒவ்வாது என்று அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ கடிதம் எழுதியது. நைக்கி சும்மா இருக்குமா? தடை என்பதையே விளம்பரமாக்கியது. முதல் ஆண்டிலேயே 10 கோடி டாலருக்கு மேல் விற்பனை. அந்தக் காலத்தில் நமக்குக் கிடைத்தது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. விளையாட்டு வகுப்பு நாளன்று அழுக்கு தெரியாமலிருக்க அதன் மேல் சாக்பீஸ் பூச்சு. அந்தக் கேன்வாஸின் ஓரத்தில் பேனாவால் பெயரையும் அம்பு பாய்ந்த இதயத்தையும் கிறுக்கி ஆசிரியரிடம் அடி வாங்கியவர்கள்தாம் இந்த நாட்டின் முதல் ஷூ ஓவியர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. யாரும் மறுக்க முடியாது.

1990களின் நடுவில் வெளிநாட்டு பிராண்டுகள் வந்தன. 2016இல் டெல்லியில் வெஜ்நான்வெஜ், 2018இல் மும்பையில் சூப்பர்கிக்ஸ் என்று ஸ்னீக்கருக்காகவே, அதாவது இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் ஷூக்களுக்காகவே, கடைகள் திறந்தன. மெயின்ஸ்ட்ரீட் மார்க்கெட்பிளேஸ், கிரெப்டாக் குரூ போன்றவை மறுவிற்பனையையே தொழிலாக்கின. முன்கதை முடிந்தது.

[திரையில்: "விற்றுத் தீர்ந்தது" என்ற அறிவிப்பு]

மறுவிற்பனை எப்படி நடக்கிறது? நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் ஒரு ஷூவை வெளியிடும். குறித்த நேரத்தில் இணையத்தில் எல்லோரும் முண்டியடிப்பார்கள், தீபாவளி ரயில் டிக்கெட்டுக்கு நாம் காலை எட்டு மணிக்குக் காத்திருப்பதைப் போல. சில சமயம் குலுக்கல். கிடைத்தவர் அதையே இன்னும் அதிக விலைக்கு விற்பார். பிரபலங்களோடு சேர்ந்து வெளியாகும் சில ஜோடிகள் லட்சத்தைத் தாண்டும். இந்தியாவில் சுமை இன்னும் கூடுதல். 2020 பட்ஜெட்டில் காலணிகளுக்கான இறக்குமதி வரி 25 சதவீதத்திலிருந்து 35 சதவீதமானது. 2023 ஜூலையிலிருந்து இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் தரச் சான்றும் படிப்படியாகக் கட்டாயமானது. வெளிநாட்டு ஆலையும் அதைப் பெற்றாக வேண்டும். மட்டமான சரக்கைத் தடுக்க வந்த விதி, அரிய சரக்கின் வழியையும் சேர்த்தே அடைத்தது.

ஆக, எல்லோருக்கும் கிடைக்காத ஷூ வேண்டும், ஆனால் கையில் லட்சம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு: சாதாரண வெள்ளை ஷூவை வாங்கி, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாததாக அதை மாற்றிவிடுவது.

[திரையில்: பஞ்சு, ஒரு சிறிய பாட்டில், தூரிகைகள்]

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரும்பாலும் எடுத்துக்கொள்வது 1982இல் வந்த ஏர் ஃபோர்ஸ் 1 என்ற மாடல். காரணம் எளிது: வெள்ளைத் தோல், அகலமான பரப்பு. முதல் வேலை வரைவதல்ல, துடைப்பது. ஆலையில் பூசி அனுப்பிய பளபளப்பைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு எடுக்க வேண்டும். தோல் மங்கிப்போய், தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். அதைப் பார்த்து ஷூவைக் கெடுத்துவிட்டார்களோ என்று பதறுவீர்கள். அந்தச் சொரசொரப்பில்தான் வண்ணம் பிடிக்கும். இதைத் தவிர்த்தால் வண்ணம் சில நாட்களில் தோலாக உரிந்து வரும்.

பிறகு வண்ணம் படக்கூடாத இடங்களில் டேப் ஒட்டி, தோலுக்கென்றே தயாரிக்கும் அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர்போல மெல்லிய அடுக்குகளாகப் பூசுவார்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் விரல்கள் மடங்கும் இடத்தில் முதல் நாளே வெடிப்பு விழும். அனுபவசாலிகள் முகங்களை அந்த மடிப்பில் வரைய மாட்டார்கள். நடக்க நடக்க உங்கள் அபிமான நடிகருக்கு நெற்றியில் சுருக்கம் விழுந்துகொண்டே இருக்கும், பாவம். அதனால் முகம் எப்போதும் குதிகாலுக்குப் பக்கவாட்டில்தான்.

எங்கே வரைவது என்பதாவது தொழில்நுட்பம். எதை வரைவது என்பதில்தான் இந்தியா நுழைகிறது.

சட்டம் தடுப்பது, தேசியக் கொடி. தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971இன்படி, இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடியைப் பயன்படுத்துவது அவமதிப்பு. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. சுதந்திர தினத்துக்கு மூவர்ண ஷூ போடும் ஆசையில் இருப்பவர்கள் அந்த ஆசையைச் சட்டைப் பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டி தடுப்பது, கடவுள்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2019இல் புரூக்ளினைச் சேர்ந்த மிஸ்சீஃப் என்ற கலைக்குழு, நைக்கி ஷூவின் அடிப்பகுதியில் ஜோர்டான் நதி நீரை ஊற்றி 'இயேசு ஷூ' என்று விற்றது. விலை 1,425 டாலர். ஏன் இந்த எண்? மத்தேயு 14:25இல்தான் இயேசு நீர்மேல் நடந்து வருகிறார். இந்தக் கிறுக்குப் புத்திசாலித்தனத்தை நான் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். 2021இல் அதே குழு ஒரு சொட்டு மனித ரத்தம் கலந்த 'சாத்தான் ஷூ'வை 666 ஜோடி செய்தபோது நைக்கி வழக்குப் போட்டது, பிறகு சமரசமானது.

நம் ஊரில் இதை யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் நாம். அதற்காக நாம் காலணியை எப்போதும் கீழேதான் வைத்தோம் என்று நினைக்காதீர்கள். பரதன் ராமனின் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்துப் பதினான்கு ஆண்டு ஆட்சி நடத்தினான். போடாத காலணியை மேடைபோட்டு வைத்த முதல் சேகரிப்பாளர் அவன்தான். பெருமாள் கோயிலில் பட்டர் நம் தலையில் வைக்கும் சடாரி, பெருமாளின் திருவடி நிலைதான். கடவுளின் காலணியைத் தலையில் தாங்குவோம், நம் காலணியில் கடவுளை ஏற்ற மாட்டோம்.

இதன் கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் காலணி போடலாம் என்பதையே சாதி முடிவு செய்த நாடு இது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே ஒரு கிராமத்தில் தலித் மக்கள் ஆதிக்கச் சாதித் தெரு ஒன்றில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது செய்தியானது. 2023! அதனால் விலை உயர்ந்த ஷூ போட்ட பையனைப் பார்த்து "காலுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்பதற்குமுன் கொஞ்சம் யோசிப்பேன். எல்லோருக்கும் அது வெறும் பகட்டு இல்லை.

[திரையில்: லெஹங்காவின் விளிம்பும் கீழே ஒரு ஸ்னீக்கரும்]

கடவுளும் கொடியும் கிடையாது என்றால் என்ன வரைகிறார்கள்? அனிமே என்ற ஜப்பானிய கார்ட்டூன் பாத்திரங்கள், கிரிக்கெட் வீரரின் ஜெர்சி எண், வட இந்தியத் திருமணங்களில் மணமகளுக்காக ஜர்தோசி என்ற ஜரிகை வேலைப்பாடு தைத்த ஸ்னீக்கர். அங்கே மணமகனின் காலணியை மைத்துனிகள் ஒளித்துவைத்துப் பணம் கேட்கும் சடங்கு உண்டு. ஒளித்துவைத்தது ஏர் ஜோர்டன் என்றால் பேரம் எங்கே தொடங்கும் என்று நினைக்கிறீர்கள்?

பெங்களூரின் காமெட், 10 பிளாஸ்டிக் பைகளையும் 12 பாட்டில்களையும் ஒரு ஜோடியாக்கும் தேலி என்று உள்நாட்டு பிராண்டுகளும் வந்துவிட்டன. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் நைக்கிக்கு ஷூ தைக்கும் தைவான் நிறுவனத்தின் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அதற்குத் தனி வீடியோவே வேண்டும்.

ஷூவை வரையக் கொடுக்கப் போகிறீர்களா? பளபளப்பை எடுத்துவிட்டுத்தான் பூசுவார்களா என்று கேளுங்கள். ஆறு மாதம் போட்ட பழைய ஜோடியின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக எடுத்த படத்தில் எல்லா ஷூவும் அழகுதான். கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி: ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் 'ஃபர்ஸ்ட் காப்பி' ஷூவின் மேல் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கலைஞர் கையால் வரைந்து கொடுத்தால், அந்த ஷூ அசலா, போலியா? நான் அசல் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் கருத்துப் பெட்டிக்கு வாருங்கள்.